பவனாவைச் சுற்றி வந்தால்

புனேக்கு அருகே உள்ள கசார்வாடியில் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். 2019 நவம்பரில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி கொண்டுவந்த முறை இது. துணி துவைப்பது, வீடு கழுவுவது, விருந்தாளியை அழைப்பது எல்லாமே தண்ணீர் வரும் நாளைப் பார்த்துத்தான். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பலர் மேல்நிலைத் தொட்டியைக் கை காட்டுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் ராவேத் தடுப்பணையைச் சொல்வார்கள். அதற்கும் மேலே, சஹ்யாத்ரி மலையின் மடியில், நான்கு கோட்டைகள் காவல் நிற்கும் பவனா அணைதான் எங்கள் தண்ணீரின் பிறப்பிடம்.

நான் மேட்டூர் அணைக்கு அருகே உள்ள கொளத்தூர்ப் பக்கத்துக்காரி. திருமணமாகி இங்கே வந்தேன். அணைத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்ததால் பவனாவின் பெயரைக் கேட்டதுமே போய்ப் பார்க்க ஆசை வந்தது. முதலில் எல்லோரையும் போல சாலையோரம் நின்று, படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். பிறகு கரையோர ஊர்கள் வழியாகப் பகுதி பகுதியாக நடக்க ஆரம்பித்தேன். நின்று பார்த்தபோது பவனா அழகான ஏரியாக மட்டும் தெரிந்தது. நடந்தபோதுதான் அது யாருடைய வயல், யாருடைய ஊர், யாருக்குப் போகும் தண்ணீர் என்பது தெரிந்தது. புனேயில் வாழும் தமிழர்களும், லோணாவலாவுக்குச் சுற்றுலா வரும் தமிழர்களும் இந்த நீரை நடந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காம்ஷேத்தில் இறங்கினால்

கசார்வாடி நிலையத்தில் லோணாவலா லோக்கல் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் காம்ஷேத். பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி வரை தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் கூடவே வரும். தேஹு ரோடு தாண்டியதும் வானம் அகலமாகிறது. தளேகாவ் கழிந்தால் வயல்கள். காம்ஷேத்தில் இறங்கி எஸ்.டி. பஸ்ஸிலோ ஷேர் ஜீப்பிலோ பவனாநகர் போகலாம். ஏறத்தாழ 15 கிலோமீட்டர்.

அந்த வழியிலேயே பேட்சே குகைகளுக்குப் பிரியும் பாதை இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டில் புத்தத் துறவிகளுக்காகக் குடைந்தவை. படிகள் ஏறி மேலே போனால், பாறையில் செதுக்கிய பெரிய தூண்களின் உச்சியில் யானை, குதிரை, காளை மேல் ஆணும் பெண்ணுமாக அமர்ந்திருக்கிறார்கள். கார்லா, பாஜா குகைகளுக்குப் போகும் கூட்டத்தில் சிறு பங்குகூட இங்கே வருவதில்லை. கொங்கண் துறைமுகங்களிலிருந்து தக்காண மேட்டுநிலத்துக்கு ஏறிய பழைய வணிகப் பாதைகள் இந்த மலைக் கணவாய்கள் வழியாகத்தான் சென்றன. குகைகளும், பின்னால் வந்த கோட்டைகளும் அந்தப் பாதைகளை ஒட்டியே அமைந்தன. அணை வருவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் நடந்து நடந்து பழகிய பள்ளத்தாக்கு இது.

மூன்றரை மாத மழை, ஓராண்டுக் குடிநீர்

பவனாநகரை உள்ளூர்க்காரர்கள் காலே காலனி என்றும் சொல்வார்கள். அங்கிருந்து அணை தெரியும். 1972இல் கட்டி முடிக்கப்பட்ட மண் அணை. நீளம் 1,300 மீட்டருக்கு மேல். உயரம் ஏறத்தாழ 42 மீட்டர். அணைச் சுவர் பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் பக்கத்துச் சாலையிலிருந்தே பார்க்க வேண்டும். புல் முளைத்த பெரிய கரை போல அது சாதாரணமாகக் கிடக்கும். அதன் பின்னால் நிற்கும் நீரைப் பார்த்தால்தான் சுவரின் பலம் புரியும்.

அணை கொள்ளும் நீர் சுமார் 8.5 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் பவனா நிறையும்போது ஏறத்தாழ 24,000 கோடி லிட்டர். எங்கள் மேட்டூர் 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. அதோடு ஒப்பிட்டால் பவனா பதினொன்றில் ஒரு பங்குதான். ஆனால் மேட்டூர் முதன்மையாகப் பாசனத்துக்கானது. பவனாவோ ஒரு பெருநகரத்தின் தாகத்தைச் சுமக்கிறது. பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரம் மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கோடி லிட்டரை இந்த ஆற்றிலிருந்து எடுக்கிறது. தளேகாவ் போன்ற ஊர்களும் தொழிற்பேட்டைகளும் விவசாயமும் தனி.

இதற்கான மழை முழுவதும் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரைதான். அரபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் சஹ்யாத்ரியில் மோதி, இந்தப் பள்ளத்தாக்கில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கிழக்கே வெறுங்கையோடு போகின்றன. லோணாவலாவில் குடை பறக்கும் மழை பெய்யும் நாளில் கசார்வாடியில் தூறல் மட்டும் விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் நகரத்தில் பெய்யும் மழை எங்கள் குடிநீர் ஆவதில்லை. மலையில் பெய்த மழையை அடுத்த ஆண்டு ஜூலை 15 வரை வருமாறு கணக்குப் போட்டுத்தான் நீர்ப்பாசனத் துறை திறந்துவிடுகிறது. பருவமழை தள்ளிப்போனால் நாளிதழ்களில் பவனாவின் நீர்மட்டம்தான் செய்தி.

லோகட்டும் செஞ்சியும்

ஏரிக்கு வடக்கே லோகட் கோட்டை. அதன் பக்கத்தில் விசாப்பூர். தென்கிழக்கே திக்கோனா. மேற்குப் பக்கம் துங். நான்குமே கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். கரையில் எங்கே நின்றாலும் இவற்றில் ஒன்றாவது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நடப்பவருக்கு இவைதான் திசைகாட்டி.

லோகட்டின் ஒரு பக்கம் நீண்டு குறுகி வெளியே ஓடும் பாறை முகட்டுக்கு விஞ்சுகாட்டா என்று பெயர். தேளின் கொடுக்கைப் போல வளைந்து நிற்கும் அது ஏரிக்கரையிலிருந்தே தெளிவாகத் தெரியும். 1648இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. 1665 புரந்தர் உடன்படிக்கையில் முகலாயர் கைக்குப் போய், 1670இல் மீண்டது. சூரத் நகரைத் தாக்கிச் சிவாஜியின் படை கொண்டுவந்த செல்வத்தை இங்கே வைத்திருந்தார்கள். பின்னால் பேஷ்வாக்களின் அமைச்சர் நானா பட்னவீஸும் இங்கே செல்வம் வைத்துக் காத்தார்.

தமிழர்களுக்கு இந்தக் கோட்டையோடு இப்போது ஒரு புதிய உறவு இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி. லோகட் அந்தப் பதினொன்றில் ஒன்று. சிவாஜி 1677இல் செஞ்சியைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் முகலாயப் படையிலிருந்து தப்பித் தெற்கே வந்தபோது, அதே செஞ்சியிலிருந்துதான் மராட்டிய அரசு பல ஆண்டுகள் நடந்தது. பவனாக் கரையில் நின்று லோகட்டைப் பார்க்கும்போது விழுப்புரம் மாவட்டத்துப் பாறைக் குன்றுகள் என் நினைவுக்கு வருவதை என்னால் தவிர்க்க முடிவதில்லை.

மலைச்சரிவெங்கும் கார்வி என்ற புதர். நம் குறிஞ்சியின் குடும்பம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதுபோல இது ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும். உறுதியான அதன் குச்சிகளை வரிசையாகக் கட்டி, மேலே சாணமும் மண்ணும் பூசிச் சுவர் எழுப்புவது இந்த மலைவாசிகளின் பழைய வழக்கம். இன்றும் சில மாட்டுக் கொட்டகைகளில் அந்தச் சுவரைப் பார்க்கலாம்.

தண்ணீருக்குள் ஒரு கோயில்

தென்கரைப் பக்கம் திக்கோனா பேட், ஜவண் போன்ற ஊர்கள் வழியாக நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் நீர், நடுவில் வரப்புக் கட்டிய சின்னச் சின்ன நெல்வயல்கள். பவனா இருக்கும் மாவல் வட்டாரத்தின் பெருமையே இந்திராயணி அரிசிதான். சற்றுக் குழைந்து, நல்ல மணத்தோடு இருக்கும். கதிர் பால் பிடிக்கும் நாட்களில் வயலோரம் நடந்தால் அந்த மணம் காற்றிலேயே வரும்.

மழை முடிந்த மாதங்களில் நீர் வயல் ஓரம்வரை நிற்கும். மார்ச்சுக்குப் பிறகு அது இறங்க இறங்கக் கரை அகலமாகிக்கொண்டே போகும். ஈரச் சேறு காய்ந்து வெடிக்கும். அதில் மாடுகள் மேயும். கோடையில் நீர் நன்றாக வற்றும்போது வாகேஷ்வர் கோயில் வெளியே வரும். சாந்து இல்லாமல் கல்லோடு கல்லைக் கோத்துக் கட்டிய ஹேமாட்பந்திப் பாணிச் சிவன் கோயில் அது. ஆண்டில் பெரும்பகுதி நீருக்குள் கிடந்து, கோடையில் மட்டும் வெயிலைப் பார்க்கிறது. அப்போது சுற்று ஊர்க்காரர்கள் வந்து விளக்கேற்றிக் கும்பிட்டுப் போகிறார்கள்.

அதைக் கண்டபோது என் கால் நகரவில்லை. 1934இல் மேட்டூர் அணை நிறைந்தபோது எங்கள் பக்கத்தில் பல ஊர்கள் நீரில் போயின. நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடி பரிசல் துறையருகே பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், மாதா கோயில் கோபுரமும் தலைகாட்டும். என் பாட்டி வீட்டில் பெரியவர்கள் அந்த நந்தியைப் பார்க்கக் குடும்பத்தோடு போவார்கள். கோயிலைக் கும்பிட என்றுதான் சொல்வார்கள். உண்மையில் எந்த மேட்டில் யார் வீடு, எந்தப் பள்ளத்தில் யார் கிணறு என்று கை நீட்டிக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு வருவார்கள். வாகேஷ்வர் கோயிலருகே ஒரு முதியவர் தம் பேரனுக்கு அப்படியே கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவரோடு பேச்சுக் கொடுத்தேன். நான் “காகா” (சித்தப்பா) என்றேன். அவர் “தாயி” (அக்கா) என்றார். கசார்வாடியிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் மராட்டியில் சொன்னதன் பொருள் இது: “அப்போ எங்க தண்ணியத்தான் குடிக்கிறீங்க. நல்லாக் குடிங்க. ஆனா எங்க நிலமும் அந்தத் தண்ணிக்கு அடியிலதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடிங்க.” அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குப் பதில் சொல்ல வார்த்தையும் இல்லை.

நிலம் கொடுத்தவர்கள்

பவனா அணைக்காக நிலம் இழந்தவர்களில் கணக்கில் உள்ள நில உடைமையாளர்கள் 1,203 பேர். அவர்களில் 340 பேருக்கு மாற்று நிலம் கிடைத்தது. மீதி 863 பேரின் கோரிக்கை பல பத்தாண்டுகளாக மனு, பேரணி, பேச்சுவார்த்தை என்று இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. நிலம் இழந்தவரின் மகனும், மகனின் மகனும் அதே மனுவைச் சுமக்கிறார்கள்.

இந்த வட்டாரம் அணைக்குக் கொடுத்த விலை இதற்கும் முந்தையது. திக்கோனாவுக்குத் தெற்கே மலைத்தொடரைத் தாண்டினால் முல்ஷி. அங்கே டாடா நிறுவனத்தின் மின்சார அணையை எதிர்த்து 1921இல் விவசாயிகள் சத்தியாக்கிரகம் செய்தார்கள். தலைமை தாங்கிய பாண்டுரங்க மகாதேவ் பாபட்டுக்கு ‘சேனாபதி’ என்ற பட்டம் மக்களிடமிருந்து வந்தது அந்தப் போராட்டத்தில்தான். அணை எழுந்தது. ஆனால் நாட்டின் தொடக்ககால அணை எதிர்ப்பு இயக்கங்களில் ஒன்றாக முல்ஷி வரலாற்றில் நின்றுவிட்டது.

பவனாவின் காயம் இன்னும் புதியது. இப்போது அணையிலிருந்து திறக்கும் நீர் ஆற்றின் வழியாகவே ஓடி ராவேத் வருகிறது. அங்கே இறைத்து நிக்டியில் சுத்திகரிக்கிறார்கள். இதற்குப் பதிலாக அணையிலிருந்து நிக்டிவரை சுமார் 34 கிலோமீட்டருக்கு மூடிய குழாய் பதிக்கும் திட்டத்தை 2008இல் மாநகராட்சி தொடங்கியது. நீர் வீணாகாது, வழியில் மாசுபடாது என்பது நகரத்தின் நியாயம். ஆற்றில் நீர் ஓடினால்தான் விவசாயிகளின் மோட்டாரும் கிணறும் உயிரோடிருக்கும். அத்தனையையும் குழாய்க்குள் அடைத்துவிட்டால் கரையோர வயல் என்ன ஆகும் என்பது மாவல் விவசாயிகளின் நியாயம். 2011 ஆகஸ்ட் 9 அன்று பாவூர் கிராமத்தருகே மும்பை-புனே விரைவுச்சாலையில் அவர்கள் மறியல் செய்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்பட மூன்று விவசாயிகள் இறந்தார்கள். அத்தோடு வேலை நிறுத்தப்பட்டது.

இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் நான் அந்த நீரைக் குடிப்பவளும்கூட. ஆனால் நகரத்தில் நாங்கள் அதைக் குழாய் பற்றிய தகராறாகவே பேசுகிறோம். கரையோரம் நடந்த பிறகுதான், ஏற்கெனவே ஒருமுறை நிலத்தைக் கொடுத்த தாலுகா இரண்டாவது முறையாக நீரையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சுவது எனக்கு விளங்கியது.

ஆறு போகும் வழி

ராவேத்தைத் தாண்டி மீதி நீர் சிஞ்ச்வட்டில் மோரயா கோசாவி கோயில் படித்துறையைத் தொட்டு, பிம்ப்ரி வழியாக எங்கள் கசார்வாடிக்கு வருகிறது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பிம்ப்ளே குரவ். அணையருகே அடியில் கிடக்கும் கல் தெரியும் தெளிவோடு இருந்த நீர், இங்கே கறுத்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. சில நாட்கள் வெள்ளை நுரை மிதக்கிறது. கசார்வாடியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அதற்குள் வராமல் ஆற்றில் நேராகக் கலக்கும் கழிவுகளும் உண்டு. ஒரே பவனா எங்கள் வீட்டுக்குள் குடிநீராக நுழைகிறது. எங்கள் தெருக்கோடியில் சாக்கடையாகக் கடக்கிறது. குடிநீர் இறைக்கும் ராவேத்துக்கும் இந்தத் தெருக்கோடிக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு நாள் நடைக்கு மேல் இல்லை.

தாபோடியில் பவனா முளா ஆற்றில் சேர்கிறது. முளா முட்டாவோடும், அது பீமாவோடும், பீமா கிருஷ்ணாவோடும் கலக்கிறது. 1983இல் உருவான தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் கிருஷ்ணாவில் தங்கள் பங்கிலிருந்து தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க, ஆவியாதல் போக 12 டி.எம்.சி. சென்னைக்கு என்று முடிவானது. 1996இல் அந்த நீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. இந்த மலைகளில் பெய்யும் மழை சென்னைக்காரர்களுக்கும் தூரத்து உறவுதான்.

நடக்கப் போகிறவர்களுக்கு

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நடக்க நல்ல காலம். முழுச் சுற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். பவனாநகரிலிருந்து திக்கோனா பேட் ஒரு நாள், மளவளி நிலையத்தில் இறங்கி லோகட் ஏறுவது ஒரு நாள், துங் பக்கம் ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நிழல் குறைவு. குடிநீரையும் தொப்பியையும் மறக்காதீர்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதத்தில் போனால் வழியில் பெண்கள் இலைத் தொன்னையில் களாப்பழமும் நாவற்பழமும் விற்பார்கள். வாங்கிச் சாப்பிடுங்கள்.

நீரில் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில் அடியில் பழைய கிணறு இருக்கும், வெட்டிய பள்ளம் இருக்கும், முழங்கால் புதையும் சேறு இருக்கும். நீச்சல் தெரிந்த இளைஞர்களே இங்கே மூழ்கியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஓடைகளும் ஆபத்து. 2024 ஜூன் 30 அன்று லோணாவலாவில் புஷி அணைக்குப் பின்புறமுள்ள அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரை வெள்ளம் அடித்துச் சென்றது. மேலே எங்கோ பெய்யும் மழை, கீழே நிற்பவருக்குத் தெரியாது.

கரையோரம் இப்போது கூடாரத் தங்குமிடங்கள் பெருகிவிட்டன. உள்ளூர் இளைஞர்களுக்கு அதில் வருமானம் இருக்கிறது, அது நல்லது. ஆனால் இரவு முழுக்க ஒலிபெருக்கி, விடிந்தால் பிளாஸ்டிக் தட்டு, உடைந்த பாட்டில். நாம் குடிக்கும் நீரின் விளிம்பில் அவற்றைப் போட்டுவிட்டு வருகிறோம். ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில் பாகரி என்ற தானிய ரொட்டியும் பிட்லா என்ற கடலைமாவுக் குழம்பும் சமைத்துத் தரச் சொல்லிச் சாப்பிடுங்கள். ஒரு மூட்டை இந்திராயணி அரிசியை விவசாயியிடமே வாங்குங்கள். அவர் சொல்லும் கதையை உட்கார்ந்து கேளுங்கள்.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. எங்கள் நகரத்தின் ஒவ்வொரு பள்ளியும் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ பிள்ளைகளை ஒருமுறை பவனாக் கரைக்கு நடத்திக் கூட்டிப்போக வேண்டும். அணையைக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்த 863 பேரில் ஒருவரைப் பேசச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு வரி கட்டுபவர்கள், வாக்குப் போடுபவர்கள், குழாய் வேண்டுமா ஆறு வேண்டுமா என்று முடிவெடுப்பவர்கள். மாற்று நிலம் கேட்டு மூன்று தலைமுறையாக நிற்பவர்களுக்கு ஆதரவாக இதுவரை மாவல் மட்டுமே குரல் கொடுத்திருக்கிறது. அந்த நீரைக் குடிக்கும் லட்சக்கணக்கான நாங்களும் சேர்ந்து கேட்டால், அந்தக் கோப்பு நகரும்.